பழக்கத்தில் மறையும் நன்மைகள்

நம் கண்ணின் உட்புறத்தில் அமைந்த விழித்திரையில், ஒளியை உணரும் நுண்ணிய உயிரணுக்களுக்கு முன்னால், இரத்தக் குழாய்கள் கிளை விரித்துப் படர்ந்து கிடக்கின்றன. உலகிலிருந்து கண்ணுக்குள் புகும் ஒளியில் ஒரு பகுதி அவற்றைக் கடந்தே அந்த உயிரணுக்களை அடையவேண்டியிருப்பதால், நாம் எதைப் பார்த்தாலும் விழித்திரைமீது அக்குழாய்களின் நிழல் விழுந்துகொண்டே இருக்கிறது. பிறந்த நாள்முதல் ஒரு கணமும் நீங்காமல் நம் பார்வையில் இருந்துவரும் அந்த நிழலை நாம் காண்பதில்லை. கண் அசையும்போது நிழலும் உடன் அசைந்து, எப்போதும் விழித்திரையின் ஒரே இடத்தில் விழுவதால், மாறுதலையே செய்தியாகக் கொள்ளும் பார்வைப்புலன் அதைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த பொஹீமிய உடலியல் அறிஞர் புர்க்கின்யே, இருட்டில் ஒரு சிறு சுடரைக் கண்ணின் பக்கவாட்டில் வைத்து மெல்ல அசைத்தால், நிழல் தன் வழக்கமான இடத்தைவிட்டுப் பெயர்ந்து வேறிடத்தில் விழ, அதுவரை காணாத அந்தக் கிளைகள் அத்தனையும் கண்முன் விரிந்து தோன்றுவதை விவரித்தார்.

1804 ஆம் ஆண்டில் ஸ்விட்சர்லாந்து மருத்துவரான டிராக்ஸ்லர், ஒரு புள்ளியையே உற்று நோக்கிக்கொண்டிருந்தால் அதன் ஓரத்திலுள்ள பொருள்கள் மங்கி மறைந்துபோவதைக் கண்டறிந்திருந்தார். 1952 இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தனித்தனியே பணியாற்றிய ஆராய்ச்சியாளர்கள், விழியின்மேல் பொருந்தும் வில்லையில் ஒரு சிறிய கண்ணாடியைப் பதித்து, கண் எப்படி அசைந்தாலும் காட்சி விழித்திரையின் ஒரே இடத்தில் நிற்கும்படி செய்தபோது, சில விநாடிகளுக்குள் அந்தக் காட்சி அடியோடு மறைந்துபோயிற்று. மாறாமல் நிற்பதைக் காணும் சக்தி நம் கண்ணுக்கே இல்லை. தன் இடைவிடாத நுண்ணிய அசைவுகளாலேதான் அது உலகத்தைப் பார்வையில் நிறுத்திவைத்துக்கொண்டிருக்கிறது. நாள்தோறும் பெறும் நன்மைகளை மனிதன் நினைப்பதில்லை என்று நீதிநூலாரும் சமயப் பெரியோரும் கடிந்துகொள்ளும்போது அதை முழுவதும் ஒழுக்கக் குறையாகவே கருதிவிடுகிறோம். அக்குறையில் ஒரு பெரும் பகுதி நம் சரீரத்தின் அமைப்பிலேயே வேரூன்றியது என்பதை ஒப்புக்கொண்டு தொடங்கினால்தான், அதைத் திருத்தும் வழியை நிதானமாக ஆராய முடியும்.

புலன்களுக்குப் பொருந்தும் இந்த நியதி இன்ப துன்பங்களுக்கும் பொருந்துமா என்ற கேள்வியை உளவியலார் எழுப்பினார்கள். ஹாரி ஹெல்சன் 1964 இல் வெளியிட்ட நூலில், ஒவ்வோர் அனுபவத்தையும் நாம் அதற்கு முன் பழகியிருந்த நிலையோடு ஒப்பிட்டே மதிக்கிறோம் என்ற கொள்கையை விரித்துரைத்தார். அதன்பின் 1978 இல் பிரிக்மன் என்பவரும் அவருடைய இரு சகாக்களும், இல்லினாய் மாநிலத்துப் பரிசுச் சீட்டில் பெருந்தொகை வென்ற 22 பேரையும், பரிசு பெறாத 22 பேரையும், விபத்தில் கை கால்களின் இயக்கத்தை இழந்த 29 பேரையும் கண்டு வினவினார்கள். பரிசு பெற்றவர்கள் பரிசு பெறாதவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு அதிகச் சந்தோஷத்தில் இல்லை என்ற முடிவு உலகெங்கும் பரவிப் பிரசித்தி பெற்றுவிட்டது. ஆராயப்பட்டவர்களின் தொகை மிகச் சிறியது என்பதையும், ஊனமுற்றவர்கள் தம் தற்போதைய மகிழ்ச்சியை மற்ற இரு வகுப்பாரையும்விடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள் என்பதையும் அதை எடுத்துரைப்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத இன்னொரு முடிவே என் சிந்தனையைக் கவர்கிறது. நண்பரோடு பேசுதல், காலைச் சிற்றுண்டி அருந்துதல், பத்திரிகை படித்தல் போன்ற சாதாரணக் காரியங்களில் கிடைக்கும் இன்பம் எவ்வளவு என்று கேட்டபோது, பரிசு பெற்றவர்கள் பரிசு பெறாதவர்களைவிடக் குறைந்த இன்பத்தையே தெரிவித்தார்கள். பெரிய பாக்கியம் ஒன்று வந்து, முன்பு அனுபவித்துவந்த சிறிய பாக்கியங்களின் ஒளியைக் குறைத்துவிட்டது.

இதற்குப் பரிகாரம் உண்டா என்று பரீட்சித்தவர்களில் எம்மன்ஸ், மக்கல்லோ என்ற இருவரும் முக்கியமானவர்கள். 2003 இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், கல்லூரி மாணவர்கள் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பிரிவினர் தாம் நன்றி பாராட்டத்தக்கவற்றையும், இன்னொரு பிரிவினர் தமக்கு நேர்ந்த தொல்லைகளையும், மூன்றாம் பிரிவினர் பொதுவாக நடந்த சம்பவங்களையும் வாரத்துக்கு ஒருமுறையாகப் பத்து வாரங்கள் எழுதிவந்தார்கள். நன்மைகளை எழுதியவர்கள், குறிப்பாகத் தொல்லைகளை எழுதியவர்களோடு ஒப்பிடுகையில், தம் வாழ்க்கையைப்பற்றி அதிகத் திருப்தியும் வருங்காலத்தைப்பற்றி அதிக நம்பிக்கையும் கொண்டிருந்தார்கள். இந்த ஆய்வின் கீர்த்தியால் நன்றிக் குறிப்பேடுகள் கடைச் சரக்காகிவிட்டன. பின்வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து நோக்கியவர்கள், பலன் உண்டு, ஆயினும் அது அடக்கமான அளவினதே என்று சொல்கிறார்கள். லுபோமிர்ஸ்கி என்ற அம்மையார் ஆறு வாரங்கள் நடத்திய பரிசோதனையில், வாரம் ஒருமுறை தம் நன்மைகளை எண்ணிப் பார்த்தவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது. வாரம் மூன்றுமுறை எண்ணியவர்களுக்குக் கூடவில்லை. பழக்கத்தின் மந்தத்தைப் போக்குவதற்கென்று கையாண்ட சாதனமே பழக்கமாகிவிடும்போது தன் சக்தியை இழக்கிறது என்றுதான் இதற்கு நான் பொருள் கொள்கிறேன்.

புர்க்கின்யேயின் சுடரைப்போல நிழலை இடம் பெயர்க்கும் உபாயம் வேறொன்று இருக்கவேண்டும். மின்கியுங் கூ என்ற அம்மையாரும் அவரோடு சேர்ந்த மூவரும் 2008 இல் வெளியிட்ட ஆராய்ச்சி அதைச் சுட்டிக்காட்டுகிறது. தம் வாழ்வில் ஒரு நன்மை நேர்ந்ததை எண்ணி எழுதியவர்களைவிட, அது நேராமலே போயிருக்கக்கூடிய வகைகளை எண்ணி எழுதியவர்கள் அதிக மகிழ்ச்சியை உணர்ந்தார்கள். தம் துணையைச் சந்தித்த கதையை விவரித்தவர்களைவிட, சந்திக்காமலே இருந்திருக்கக்கூடும் என்பதை விவரித்தவர்களே அந்த உறவில் மிகுந்த நிறைவைக் கண்டார்கள். எந்த வழியில் மகிழ்ச்சி அதிகம் கிடைக்கும் என்று முன்கூட்டிக் கேட்கப்பட்டவர்களோ இதற்கு மாறாகவே ஊகித்திருந்தார்கள். உரோமச் சக்கரவர்த்தி மார்க்கஸ் அரேலியஸ் தம் குறிப்புகளின் ஏழாம் பகுதியில், இல்லாதவற்றை நினைத்து ஏங்குவதைவிட்டு, இருப்பவற்றில் மேலானதைத் தேர்ந்து, இது மட்டும் நம்மிடம் இல்லாதிருந்தால் இதற்காக எவ்வளவு ஏங்கியிருப்போம் என்று எண்ணிப் பார்க்கவேண்டும் எனத் தமக்குத் தாமே உபதேசித்துக்கொண்டிருக்கிறார்.

இவர்களுக்கெல்லாம் முன்னோடியாகவோ, காலத்தில் சிறிது முன்பின்னாகவோ வைத்து எண்ணத்தக்கவர் நம் திருவள்ளுவர். கடவுள் வாழ்த்துக்கு அடுத்த ஸ்தானத்தில் மழையைவைத்துச் சிறப்பித்த அவர், அதை எவ்வாறு சிறப்பித்தார் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அந்த அதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஏழு, மழை இல்லாவிட்டால் என்னவாகும் என்பதையே கூறுகின்றன: கடல் சூழ்ந்த உலகத்தைப் பசி வருத்தும், உழவர் ஏரைத் தொடமாட்டார்கள், புல்லின் தலையும் தெரியாது, பெருங்கடலும் தன் வளம் குன்றும், தேவர்களுக்கு எடுக்கும் விழாவும் பூசையும் நின்றுபோகும், தானமும் தவமும் நிலைபெறா, எத்தகையவர்க்கும் உலக வாழ்வு இயலாது. மழையின் குளிர்ச்சியையும் அழகையும் வருணித்துப் பாட வேறு புலவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வள்ளுவரோ அதை மனத்தால் நீக்கிப் பார்த்து, நீக்கிய இடத்தில் தோன்றும் வெறுமையைக் காட்டி, அதன் பெருமையை நிலைநாட்டுகிறார்.

ஆயினும் கற்பனையை மட்டும் நம்பி இந்த வேலையைச் செய்வது போதாது என்பதே இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் கருத்து. குழாயைத் திருப்பிக் குடத்தை நிரப்பும் ஒருவரிடம், இந்த நீர் இல்லையென்று நினைத்துப் பாருங்கள் என்று சொன்னால், அவர் நினைப்பது பெரும்பாலும் அரைநாள் அசௌகரியத்தைத்தான். அந்த நீர் இல்லாத ஊர், அந்த நீர் இல்லாத காலம், அதை உண்டாக்கிய மனிதர்கள் என்பவற்றைப்பற்றிய அறிவு இல்லாதவரையில் கற்பனைக்குப் பற்றுக்கோடு இல்லை. அந்த அறிவைத் தருவது சரித்திரம்.

1892 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஜெர்மனியின் பெருந்துறைமுகமான ஹாம்பர்க் நகரத்தில் காலரா புகுந்தது. எல்பே நதியின் கரையில், அந்நகரத்தை ஒட்டியே அல்டோனா என்ற வேறொரு நகரம் இருந்தது. இரண்டுக்கும் இடையே மதிலோ வயலோ இல்லை. ஒரு தெருவின் ஒரு பக்கம் ஹாம்பர்க், மறுபக்கம் அல்டோனா என்னும்படி வீடுகள் தொடர்ந்து கிடந்தன. இரு ஊராரும் ஒரே காற்றைச் சுவாசித்தார்கள். ஒரே சந்தைகளிலும் துறைகளிலும் கலந்து பழகினார்கள். இரு நகரங்களும் எல்பே நதியின் நீரையே பருகின. அல்டோனா நீரெடுத்த இடமோ ஹாம்பர்க்கின் கழிவெல்லாம் கலந்த பின் நதி செல்லும் கீழ்ப்போக்கில் இருந்தபடியால், அதன் நீர் மூலத்தில் இன்னும் அசுத்தமானது. இருந்தும், சில வாரங்களுக்குள் ஹாம்பர்க்கில் ஏறத்தாழ 8,600 பேர் மாண்டார்கள். அல்டோனா பெரும்பாலும் தப்பியது. எல்லைத் தெருவின் ஒரு பக்கத்தில் வீட்டுக்கு வீடு பிணம் எடுக்க, எதிர்ப்பக்கத்தில் நோயே இல்லாத நிலைமை ஏற்பட்டது. ஹாம்பர்க் எல்லைக்குள்ளேயே இருந்தும் அல்டோனாவின் குழாயிலிருந்து நீர் பெற்ற ஒரு குடியிருப்பில்கூட நோய் தலைகாட்டவில்லை.

அல்டோனாவில் நதிநீரை மணலில் வடிகட்டி அனுப்பினார்கள். ஹாம்பர்க்கில் வடிகட்டாமல் அனுப்பினார்கள். வேறுபாடு அவ்வளவே. வடிகட்டும் நிலையம் கட்டுவதைப்பற்றி ஹாம்பர்க்கின் ஆட்சியாளர்கள் பல ஆண்டுகளாக விவாதித்து, செலவை எண்ணித் தாமதித்திருந்தார்கள். அது திறக்கப்பட்டது கொள்ளைநோய்க்கு அடுத்த ஆண்டில்தான். 1884 இல் கல்கத்தாவில் தங்கி ஆராய்ந்து காலராவின் கிருமியை நிச்சயப்படுத்தியிருந்த ராபர்ட் கோக், ஹாம்பர்க்குக்கு அனுப்பப்பட்டு, இந்த இரு நகரங்களின் வேறுபாட்டை உலகறியச் செய்தார்.

மணல் வடிகட்டியின் வேலை வியப்புக்குரியது. மணல் வெறும் சல்லடையாக இருந்து கிருமிகளைத் தடுப்பதில்லை. கிருமிகள் மணற்பரல்களின் இடைவெளிகளைவிட மிக மிகச் சிறியவை. நீர் மெதுவாக இறங்க இறங்க, மணலின் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலனாகாத எண்ணற்ற உயிர்கள் சேர்ந்து வழுவழுப்பான ஒரு மெல்லிய படலமாகின்றன. அந்தப் படலமே நீரில் வரும் நோய்க்கிருமிகளைப் பிடித்து உண்டு அழிக்கிறது. நாளடைவில் படலம் தடித்து நீர் இறங்குவது நின்றுபோவதால், வடிகட்டியை வற்றவைத்து, மேல்மணலைச் சுரண்டி எடுத்து, படலம் மறுபடி உருவாகும்வரை காத்திருக்க வேண்டும். அல்டோனாவிலேயே 1893 இன் குளிர்காலத்தில் உறைபனியால் வடிகட்டியின் வேலை கெட்டபோது காலரா சிறு அளவில் எட்டிப் பார்த்தது. முந்தின கோடையில் அவ்வூரார் உயிர்பிழைத்ததற்குக் காரணம், மண்வெட்டிகளில் பழகிய, பெயர் பதிவாகாத சில கூலியாட்கள் மணலைச் சரியான காலத்தில் சரியான ஆழத்துக்குச் சுரண்டியதுதான் என்பதை அவ்வூராரில் எத்தனை பேர் எண்ணியிருப்பார்கள்?

நம் சென்னையின் கதை இதிலிருந்து தொலைவானதன்று. கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு நீர் தருவதற்காகப் பெத்துநாய்க்கன்பேட்டையில் 1772 இல் கிணறுகள் அமைக்கப்பட்டன. ஏழு கிணறு என்ற பெயர் இன்றும் அந்தப் பகுதிக்கு நிலைத்திருக்கிறது. நகரத்து மற்ற ஜனங்கள் தத்தம் கிணறுகளையும் குளங்களையுமே நம்பியிருந்தார்கள். அவற்றின் வழியே காலராவும் வந்துபோய்க்கொண்டிருந்தது. 1872 இல் செங்குன்றம் ஏரியின் நீர் திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டுக் குழாய்களில் ஓடத் தொடங்கிற்று. ஆனால் அது வடிகட்டாத நீர். மேட்லி என்ற பொறியியலாளரின் மேற்பார்வையில் மூடிய கால்வாயும், மணல் வடிகட்டிகளும், இறைக்கும் நிலையமும் கீழ்ப்பாக்கத்தில் எழுந்து 1914 டிசம்பரில் திறக்கப்பட்டன. தியாகராயநகரில் மேட்லி சாலை என்று தினமும் ஆயிரக்கணக்கானோர் உச்சரிக்கும் பெயர் அவருடையதே.

பூண்டி நீர்த்தேக்கத்தின் வரலாறு என் நெஞ்சை இன்னும் ஆழமாகத் தொடுகிறது. சென்னை மேயராக இருந்த தீரர் சத்தியமூர்த்தி, யுத்த காலத்துப் பணநெருக்கடிக்கிடையே ஓயாமல் வாதாடி, கொசஸ்தலையாற்றின் குறுக்கே அந்த அணைக்கட்டுக்கு 1940 இல் அடிக்கல் நாட்டச் செய்தார். பின்னர் சிறைவாசத்தில் உடல்நலம் சிதைந்து 1943 மார்ச்சில் காலமானார். பூண்டியின் வேலை முடிந்தது 1944 இல். தாம் பெற்றுத் தந்த நீரில் ஒரு மிடறும் பருகாமல் அவர் மறைந்தார். அந்த நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது நகரம் செய்த நற்செயல். ஆனால் பெயர்ப்பலகையைப் படிக்க நகரத்தார் பூண்டிவரை போவதில்லை.

2019 ஆம் ஆண்டின் கோடையில் இந்தப் பாடத்தைச் சென்னைவாசிகள் பிரத்தியட்சமாகவே கற்றார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, தரை வெடித்துக் கிடந்தன. பிளாஸ்டிக் குடங்களின் வரிசை லாரி வரும் தெருமுனையில் விடியலுக்கு முன்பே தொடங்கி, எந்த வீட்டுக் குடம் எதன்பின் நிற்கிறது என்பதே அன்றைய நாளின் பெரும் வழக்காயிற்று. அந்த வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்களே. ஜூலை 12 ஆம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து காவிரி நீரைச் சுமந்து 50 பெட்டிகள் கொண்ட ரயில் வில்லிவாக்கம் வந்துசேர்ந்தது. அதில் இருந்தது ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர். பெரிய தொகையாகத் தோன்றும் அதை நகரத்தின் ஜனத்தொகையால் வகுத்தால் தலைக்கு அரை லிட்டருக்கும் குறைவாகவே வரும். மற்ற ஆண்டுகளில் ஒவ்வொரு நாளும் எவ்வித ஆரவாரமுமின்றி வீட்டுக்குள் வந்து ஓடும் நீரின் அளவைக் கற்பனை செய்ய அந்த வகுத்தல் கணக்கைவிடச் சிறந்த துணை எனக்குத் தெரியவில்லை. மழை பெய்து ஏரிகள் நிரம்பியதும் குடங்கள் பரணுக்குப் போய்விட்டன. நினைவும் அவற்றோடு போயிற்று.

நினைவு இவ்வாறு போய்விடும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்போலும். ஆடி மாதம் பதினெட்டாம் நாள் காவிரிக் கரையில் புதுப்புனலை வரவேற்று, மஞ்சளும் குங்குமமும் காதோலை கருகமணியும் படைத்து, சித்திரான்னங்களோடு குடும்பம் குடும்பமாக ஆற்றங்கரையில் கூடும் வழக்கம், ஆண்டுக்கு ஒருமுறை என்ற அளவில் அமைந்தது. அதுவும், நீர் குன்றியிருந்த கோடைக்குப் பின் வெள்ளம் வரும் தருணத்தில் அமைந்தது. இல்லாமையின் ஞாபகம் மனத்தில் பசுமையாக இருக்கும்போதே நன்றி செலுத்தச் செய்த அந்தப் பஞ்சாங்க ஞானம், வாரத்துக்கு ஒருமுறையா மூன்றுமுறையா என்று பரிசோதிக்கும் இன்றைய உளவியலுக்கு ஒரு நல்ல விடை. மாட்டுப் பொங்கலையும் ஆயுத பூஜையையும்பற்றி இதையே சொல்லலாம். குழாய்க்கு அத்தகைய ஒரு நாள் இன்னும் ஏற்படவில்லை.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபத்தைக் கருதாமல் மேலே செல்வது நியாயமன்று. நன்றியுணர்வைப் போற்றுவது, இருப்பதைக்கொண்டு திருப்தியடையும்படி எளியவர்களை அடக்கிவைப்பதற்கே பயன்பட்டிருக்கிறது என்று சொல்வோர் உண்டு. அது பொய்யன்று. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லும் பழமொழி, உழைத்தவனுக்குக் கூலியாக வரவேண்டியதை எஜமானனின் தயையாகக் காட்டுவதற்கும் எடுத்தாளப்பட்டிருக்கிறது. செஞ்சோற்றுக் கடனால் கட்டுண்ட கர்ணன், அதர்மம் எந்தப் பக்கம் என்று அறிந்தும் அந்தப் பக்கத்திலேயே நின்று மாண்டதை நம் மக்கள் இரவெல்லாம் விழித்திருந்து தெருக்கூத்தில் பார்த்துக் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். கொடுத்தவர் ஒருவரே என்று எண்ணி அவர் முகத்தையே பார்த்திருக்கும் நன்றிக்கு இந்த அபாயம் எப்போதும் உண்டு. ஆனால் ஒரு நன்மை எங்கிருந்து, யார் யார் கைவழியாக வந்தது என்று கடைசிவரை தேடிச் செல்லும் நன்றி, நன்மை தந்தவர்களில் பெரும்பாலோர் அதற்குரிய பங்கைப் பெறாதவர்கள் என்ற உண்மையில் கொண்டுபோய் நம்மை நிறுத்துகிறது.

நீரின் வரலாற்றையே அதன் மறுமுனைவரை தொடர்ந்தால் இது விளங்கும். வீட்டுக்குள் வந்த நீர் வெளியேறிப் போகவும் வேண்டும். அது போகும் பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டால் நகரம் முழுவதும் மறுபடி ஹாம்பர்க்கின் நிலைக்கு வந்துவிடும். அடைப்பை நீக்க மனிதர்களை இறக்கி, அங்கே தேங்கிய விஷவாயுவால் அவர்கள் மூர்ச்சித்து மாள்வதும், அவர்களைத் தூக்கச் சென்றவர்களும் உடன் மாள்வதும், நம் நாட்டில் இன்றும் முற்றிலும் நின்றுவிடவில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர், பல தலைமுறைகளாக அந்தத் தொழிலிலேயே வலிந்து நிறுத்தப்பட்ட சாதியினர். சஃபாயி கர்மசாரி ஆந்தோலன் என்ற இயக்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்பளித்தபோது, 1993 முதல் சாக்கடைகளில் இறந்தவர்கள் யார் யார் என்று கண்டறிந்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் அளிக்கவேண்டும் என்று கட்டளையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையைவிட, யார் யார் என்று கண்டறியவேண்டும் என்ற ஆணையே என் மனத்தில் ஆழப் பதிந்தது. ஏனெனில், அவர்களால் சுகாதாரமாக வாழ்ந்த நகரங்களில் அவர்களின் பெயர்ப்பட்டியல்கூட இருக்கவில்லை என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

பாதுகாப்புச் சாதனங்களின்றி ஒருவரைச் சாக்கடையைச் சுத்தம் செய்ய இறக்குவது 2013 ஆம் ஆண்டின் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். அடைப்பு எடுக்கும் இயந்திரங்கள் இன்று நம் நாட்டிலேயே செய்யப்படுகின்றன. திருவனந்தபுரத்து இளைஞர்கள் உருவாக்கிய ஓர் இயந்திரம் 2018 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. நம் தெருவுக்கு வருவது இயந்திரமா ஆளா என்று கவனிப்பதற்கும், ஆள் என்றால் அவரை இறங்கவிடாமல் நிறுத்தி, வார்டு அலுவலகத்துக்கு அப்போதே எழுதிக் கேட்பதற்கும், குழாய் நீரைப் பருகுகிற எவருக்கும் உரிமை உண்டு.